சட்டியடியில் இருந்த முள்

மீன் சாப்பிடாத வீட்டுச் சகோதரிகள் தலைப்பைப் பார்த்துவிட்டு, "இது நமக்கில்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கக் கிளம்பும் பழக்கம் உங்களுக்கும் இருக்கிறது, இல்லையா? அப்படியானால் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது என்று ஒரு வழக்கம் உண்டல்லவா? அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேருவதற்கு முந்தின நாட்களில் ஊர்க்குளம் இடுப்பளவுக்கு வற்றிப்போயிருக்கும். குளத்தை ஏலம் எடுத்தவர் வலை போடுவார். அன்றைக்கு ஊரே மீன் மணக்கும். கெண்டை, கெளுத்தி, விரால், குரவை, வளர்ப்பு மீன்களான கட்லா, ரோகு என்று வீட்டுக்கு வீடு கூடை நிறைய வந்து இறங்கும்.

1984-ஆம் வருஷத்து வைகாசியில் அப்படி ஒரு நாள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. நாத்தனார் குடும்பம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தது. வீட்டில் மொத்தம் பதினான்கு பேர். சாம்பலைப் போட்டுத் தேய்த்து, செதில் எடுத்து, கல்லில் உரசிக் கழுவி முடிப்பதற்குள் எனக்கு முதுகு ஒடிந்துவிட்டது. மாங்காய் போட்டு, பெரிய மண்சட்டியில் குழம்பு வைத்தேன். என் கைமணம் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் தெருக்கோடியில் வரும்போதே என் கொழுந்தனார், "அண்ணி, குழம்பு கொதிக்குதா?" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் வந்தார்.

ராத்திரி ஏழு மணிக்கு இலை போட்டோம். ஆண்களுக்கு நடுத்துண்டு. குழந்தைகளுக்கு வயிற்றுத் துண்டு. அப்பாயிக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் பாட்டிக்கு, அந்த மாதம்தான் புதிதாகப் பல்செட்டு வைத்திருந்தது. அவருக்கு விராலில் முள்ளில்லாத சதையாகப் பார்த்து எடுத்து வைத்தேன். என் இரண்டு குழந்தைகளுக்கும், நாத்தனார் குழந்தைகளுக்கும் ஒவ்வொரு துண்டையும் விரலால் இரண்டு தடவை நசுக்கிப் பார்த்துத்தான் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். ஒருத்தருக்கும் ஒரு முள் போகவில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு!

பெண்கள் பந்தி முடியும்போது மணி ஒன்பது. மாமியார் எழுந்துவிட்டார். நாத்தனார் குழந்தையைத் தூங்கவைக்கப் போனாள். மின்சாரம் போய்விட்டது. நான் பசியோடு அடுப்படிக்குப் போனேன். தனியாக இலை எதற்கு என்று குழம்புச் சட்டியிலேயே இரண்டு கரண்டி சோற்றைப் போட்டுப் பிசைந்தேன். சட்டியடியில் ஒட்டிய குழம்பில் சோறு பிசைந்து சாப்பிடும் ருசி தெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும்! அரிக்கேன் விளக்கு கூடத்தில் இருந்தது. கையில் ஒரு வால் துண்டு. "அண்ணி, பாய் எங்கே இருக்கு?" என்று நாத்தனார் கேட்டாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "பரண் மேல பாரும்மா" என்றேன்.

அந்த வார்த்தையோடு முள் உள்ளே போய்விட்டது.

சுருக்கென்று ஒரு குத்தல். இருமினேன். வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். குமட்டியதுதான் மிச்சம். சத்தம் கேட்டு மாமியார் வந்தார்.

"என்னம்மா, முள்ளா? வெறும் சோத்த உருண்டையா உருட்டி மெல்லாம முழுங்கு, போயிரும்."

முழுங்கினேன். ஒன்றல்ல, நாலு உருண்டை. பிறகு ஒரு பூவன்பழம். பிறகு கொழுந்தனார் சொன்னபடி எலுமிச்சம்பழச் சாறு. ஒவ்வொரு தடவையும் கண்ணில் தண்ணீர் வந்தது. "போச்சா?" என்று கேட்டார்கள். வீடு நிறைய விருந்தாளிகள். போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் குத்தல் அப்படியே இருந்தது. "ஒரு முள்ளுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாத்தனார் ஊருக்குப் போகட்டும், நெல் அவித்தது காயட்டும், சின்னவனுக்குச் சளி விடட்டும் என்று நாள் தள்ளினேன். காப்பி மட்டும் குடித்தேன். மூன்றாம் நாள் அதுவும் இறங்கவில்லை. உடம்பு கொதித்தது. கழுத்து வலியில் தலையைத் திருப்ப முடியவில்லை. அப்போதும் யாரும் கவனிக்கவில்லை. யாரிடமும் நான் வாய் திறக்கவும் இல்லை. என் மகள்தான் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவிடம் போய், "அப்பா, அம்மா ஏன் எச்சிலை முழுங்காம துப்பிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

அவர் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை நாளா?" என்றார். மூன்று விரலைக் காட்டினேன். அடுத்த பஸ்ஸில் தஞ்சாவூர் போனோம்.

காது, மூக்கு, தொண்டை பார்க்கும் டாக்டரம்மா ஒருவர். வாயைத் திறக்கச் சொல்லி, நெற்றியில் கட்டிய கண்ணாடியால் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். தொண்டையில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கும் காட்டினார். உணவுக்குழாயின் வாசலுக்குச் சற்றுக் கீழே மெல்லிய கோடு. அதைச் சுற்றி வீக்கம்.

"முள்ளு ராத்திரி மேலதான் நின்னிருக்கணும். சோத்து உருண்டையப் போட்டு நீங்களே அதைக் கீழே தள்ளிச் சுவத்துல ஏத்தியிருக்கீங்க. இப்ப சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கும்," என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அன்று மாலையே மயக்கமருந்து கொடுத்து, குழாய் விட்டு முள்ளை எடுத்தார்கள். மூக்கு வழியாக ஒரு சின்ன டியூப் போட்டு ஐந்து நாள் பாலும் கஞ்சியும். வேளைக்கு ஒரு ஊசி. இரண்டு வயதுப் பிள்ளை வீட்டில் அழுதுகொண்டிருக்க, நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தேன். மாமியார்தான் அவனைத் தூக்கிக்கொண்டு தினமும் வந்தார். "நான்தானே உருண்டை முழுங்கச் சொன்னேன்" என்று அழுத அவரைத் தேற்றக்கூட எனக்குக் குரல் எழும்பவில்லை.

எடுத்த முள்ளை ஒரு சின்னச் சீசாவில் போட்டுக் காட்டினார்கள். பாதித் தீக்குச்சி நீளம்கூட இல்லை. கவட்டை மாதிரி ஒரு முனை இரண்டாகப் பிரிந்திருந்தது. கெண்டை முள்! கெண்டை இனத்து மீன்களுக்கு நடுமுள்ளும் விலா முள்ளும் போதாதென்று, சதைக்குள்ளேயே தனித்தனியாக இப்படிக் கவட்டை முட்கள் புதைந்திருக்கும். கட்லா, ரோகு எல்லாம் இந்த இனம்தான். விராலுக்கும் கெளுத்திக்கும் சதைக்குள் இந்த முட்கள் கிடையாது. அதனால்தான் நம் பாட்டிமார் நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் விராலைத் தேடியிருக்கிறார்கள் போலும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா என் கட்டிலருகே உட்கார்ந்து வரிசையாகக் கேள்வி கேட்டார். "எத்தனை மணிக்குச் சாப்பிட்டே? எங்கே உட்கார்ந்து? வெளிச்சம் இருந்துச்சா? எந்தத் துண்டு? யாரோடயாவது பேசிக்கிட்டிருந்தியா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகப் போயிற்று. கடைசியில் அவர் சொன்னார்: "குழந்தைக்கு முள் எடுத்தே, பாட்டிக்கு எடுத்தே. உனக்கு யாரம்மா எடுத்தது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

வால் துண்டிலும் முதுகுச் சதையிலும்தான் மெல்லிய முட்கள் அதிகம். வயிற்றுத் துண்டில் இருப்பது பெரிய விலா முட்கள். அவை விரலுக்கு எளிதில் அகப்படும். குழம்பு கொதித்துக் கிளறக் கிளற, உடைந்த துண்டுகளிலிருந்து கழன்ற முட்களெல்லாம் சட்டியின் அடியில் போய்த் தங்குகின்றன. வால் துண்டும் அடிக்குழம்பும் வீட்டில் யாருக்கு வருகின்றன? கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு! அதுவும் அவள் பசியோடு, களைப்போடு, அரை வெளிச்சத்தில், ஒரு காதைக் கூடத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். முள் சிக்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முள் ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் தாயாருக்கு 1982 நவம்பரில் தொண்டையில் மீன் முள் சிக்கி, லண்டன் ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து கொடுத்து எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 82. 1993-லும் மறுபடி அப்படியே ஆகி, ஸ்காட்லாந்தில் அபர்தீன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆனால் முள் சிக்கியதும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானோ மூன்று நாள் உருண்டை விழுங்கிக்கொண்டிருந்தேன்!

என்னைக் காப்பாற்றிய அந்தக் குழாய் வைத்தியத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் செவாலியர் ஜாக்சன் என்ற அமெரிக்க டாக்டர் (1865-1958). மூச்சுக்குழாயிலும் உணவுக்குழாயிலும் சிக்கியவற்றை எடுத்து எடுத்து, 2000-க்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து வைத்தார். ஊக்கு, பொத்தான், காசு, எலும்பு எல்லாம் அதில் உண்டு. பிலடெல்பியாவில் உள்ள மட்டர் அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாமாம்.

சரி, நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு டாக்டர்களிடம் கேட்டு அறிந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், வீட்டில் யாரிடம் கவனம் வேண்டும்? சின்னக் குழந்தைகளுக்கு முள்ளை நாக்கால் ஒதுக்கத் தெரியாது. பல்செட்டு வைத்த பெரியவர்களுக்கு மேலண்ணத்தை அந்தத் தகடு மூடிவிடுவதால் முள் உறுத்துவது தெரியாது. பல் விழுந்தவர்கள் சரியாக மெல்லமாட்டார்கள். கண் மங்கினவர்களுக்கு முள் தெரியாது. குடித்துவிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு உணர்வே மரத்திருக்கும். இவர்களோடு, அவசரமாகச் சாப்பிடுகிறவர்கள், பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள், டி.வி.யையோ செல்போனையோ பார்த்தபடி சாப்பிடுகிறவர்கள். இந்தக் கடைசி வரிசையில் நீங்களும் நானும் இருக்கிறோமா என்று பாருங்கள்.

சமைக்கும்போது: குழந்தைகள் இருக்கும் வீட்டில் விரால், கெளுத்தி, கடல்மீனில் வஞ்சிரம் போன்றவை நிம்மதி. கெண்டை வாங்கினால் பெரிதாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய மீனில் முள்ளும் பெரிது, கைக்குத் தட்டுப்படும். வறுப்பதாக இருந்தால், துண்டின் மேல் நெருக்கமாகக் குறுக்கே கீறிவிட்டு மொறுமொறுவென்று வறுக்கலாம். உள்ளே இருக்கும் மெல்லிய முட்கள் துண்டுபட்டு நொறுங்கிவிடும். குழம்பில் மீனைப் போட்டபின் கரண்டியால் கிளறாதீர்கள். சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றிவிட்டாலே போதும். அடிக்குழம்பை, அதுவும் மறுநாள் சுடவைத்த குழம்பை, பெரிய கண் வடிகட்டியில் வடிகட்டி ஊற்றுங்கள். பத்து வினாடி வேலை!

சாப்பிடும்போது: மீனைத் தனியாக வைத்து, முள் நீக்கிய சதையைச் சோற்றோடு சேருங்கள். கைவிரல்தான் நமக்கு நல்ல காவல்காரன். கரண்டிக்குத் தெரியாத முள் விரலுக்குத் தெரியும். குழந்தைக்கு ஊட்டும்போது இரண்டு தடவை நசுக்கிப் பாருங்கள். ஓடுகிற, சிரிக்கிற, அழுகிற குழந்தையின் வாயில் மீன் சோற்றை வைக்காதீர்கள்.

இத்தனைக்கும் மீறி முள் சிக்கிவிட்டால்? பதறாமல் லேசாக இருமிப் பாருங்கள். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். நுனி நன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, சுலபமாக எட்டினால் ஒழிய எடுக்க முயலக் கூடாது. தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் முள் இன்னும் ஆழமாகப் போகும், தொண்டை கிழியும். சோற்று உருண்டை வேண்டாம், பழம் வேண்டாம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் முள்ளைக் கரைக்கும் என்பது வீண் நம்பிக்கை. தொண்டையைக் கடந்து ஓடும் நேரத்தில் அவற்றால் எதையும் கரைக்க முடியாது, புண்ணில் எரிச்சல்தான் வரும். மேற்கொண்டு எதையும் சாப்பிடாமல் டாக்டரிடம் போங்கள். மயக்கமருந்து கொடுக்க வேண்டியிருந்தால் வெறும் வயிறாக இருப்பது நல்லது.

பல சமயம் முள் டான்சிலிலோ நாக்கின் அடியிலோதான் குத்தியிருக்கும். அதை டாக்டர் உட்காரவைத்தே இடுக்கியால் எடுத்துவிடுவார். சில சமயம் முள் ஏற்கெனவே வயிற்றுக்குப் போயிருக்கும், கீறல் வலி மட்டும் ஓரிரு நாள் இருக்கும். வயிற்றுக்குப் போன முள் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் வெளியேறிவிடும். ஆனால் போய்விட்டதா, இருக்கிறதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டாம். எக்ஸ்ரேயில் எல்லா மீன் முள்ளும் தெரிவதில்லை. படத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் குத்தல் இருக்கிறது என்றால் அதைச் சொல்லுங்கள். இப்போது ஸ்கேன் இருக்கிறது, வளைகிற எண்டோஸ்கோப் இருக்கிறது.

எச்சிலை முழுங்க முடியவில்லை, நெஞ்சிலோ முதுகிலோ வலி, காய்ச்சல், கழுத்து வீக்கம், வாந்தியில் ரத்தம், மூச்சுத் திணறல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. உணவுக்குழாயை ஒட்டியே மூச்சுக்குழாயும் பெரிய ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. அங்கே முள் துளைத்துக்கொண்டு போனால் உயிருக்கே ஆபத்து. எனக்கு அன்று பாபநாசத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது. இன்று அப்படி இல்லை. 2008-லிருந்து தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. தஞ்சாவூரில் 1959-லிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவாரூருக்கு 2010-ல் வந்தது, நாகப்பட்டினத்துக்கு 2022-ல் வந்தது. வசதி பக்கத்தில் வந்துவிட்டது. "ஒரு முள்ளுக்கா?" என்ற எண்ணம்தான் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் மீனை விடவில்லை! மாமியார்தான் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். அடுத்த தடவை மீன் வாங்கிய அன்று, என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "நீயும் இலையப் போட்டு உக்காரு. வேணுங்கறவங்க எடுத்துப் போட்டுக்கட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தன் இலையிலிருந்த நடுத்துண்டைப் பிட்டு, முள் எடுத்து என் இலையில் வைத்தார். பதினைந்து வயதில் கல்யாணமாகி வந்த மாமியார், அந்த வீட்டில் அத்தனை பேரோடு சேர்ந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவையாம். பிறகு என்னிடம் சொன்னார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்று என் மருமகள் வேலைக்குப் போகிறவள். ராத்திரி எட்டு மணிக்கு வந்து, பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, ஒரு கையில் செல்போனோடு அடுப்படி மேடையில் சாய்ந்து நின்று சாப்பிடப் போவாள். நான் விடுவதில்லை. "போன அங்க வெச்சிட்டு வாம்மா, உக்காரு" என்று தட்டை வைத்து, விளக்கைப் போட்டு, எதிரில் உட்கார்ந்துகொள்வேன். முதலில் அவளுக்கு அது தொந்தரவாக இருந்தது. சீசாவில் நான் இன்னும் வைத்திருக்கும் முள்ளைக் காட்டி, கதையைச் சொன்ன பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

நீங்களும் அடுத்த தடவை மீன் வாங்கும்போது, வால் துண்டை வேறு யாருக்காவது போட்டுவிட்டு வயிற்றுத் துண்டு ஒன்றை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள். எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து, வெளிச்சத்தில், நிதானமாகச் சாப்பிடுங்கள். பாத்திரம் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.